கட்டைக் கணக்கும் கண்டி வீதியும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைக்கு வந்து சேரும் வீதிகளைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அரசாங்க வீதி வேலையில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மதகு, கிறவல், தார் என்று இந்த மாவட்டத்தின் வீதிகளிலேயே என் காலம் போனது. அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்காருவதே எனக்குச் சந்தோஷம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தம்பலகாமப் பக்கம் '99ஆம் கட்டை' என்று ஓர் இடம் இருக்கிறது. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
*உயர்தர மாணவன், பாலையூற்று*

இல்லைத் தம்பி. இரண்டும் 99 ஆனது தற்செயல். தாங்கிகள் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. கட்டியது 101, இன்றைக்கு எஞ்சி நிற்பது 99. அதற்கும் தம்பலகாமத்துக்கும் தொடர்பில்லை.

கட்டை என்பது மைல்கல். எங்கிருந்து எண்ணிய மைல் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். கண்டியில் புறப்பட்டு மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வந்தால் சுமார் 180 கிலோமீற்றர். மைலில் சொன்னால் 112 அளவில் வரும். தம்பலகாமச் சந்தியிலிருந்து நம் நகரம் ஏறக்குறைய 23 கிலோமீற்றர், அதாவது 14 மைல். 112இல் 14ஐக் கழியுங்கள். 98 வருகிறது. 99ஆம் கட்டை அந்தச் சுற்றுவட்டாரத்தில்தானே இருக்க வேண்டும்? ஆக, அந்த எண் கண்டியிலிருந்து எண்ணியது. கந்தளாயை நெருங்க நெருங்கக் கட்டை எண் குறைந்துகொண்டே போவதையும் கவனித்திருப்பீர்கள்.

இப்போது நிலாவெளி வீதிக்குப் போங்கள். உப்புவெளியில் மூன்றாம் கட்டை, அதற்கு அப்பால் ஆறாம் கட்டை. இங்கே எண்ணிக்கை நம் நகரத்தில் தொடங்கி வடக்கே போகிறது. ஒரே ஊருக்குள் இரண்டு விதமான கணக்கு. நிலாவெளி வீதி இந்த ஊரிலிருந்து வெளியே போன வீதி. கண்டி வீதியோ வெளியிலிருந்து இந்த ஊருக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் இந்தத் துறைமுகத்துக்கு, வந்த வீதி. அடுத்த கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது.

கேள்வி: அரசாங்கப் பட்டியலில் இது ஏ-6, 'அம்பேபுஸ்ஸ – குருநாகல் – திருகோணமலை' நெடுஞ்சாலை. பிறகு ஏன் நாம் எல்லோரும் கண்டி வீதி என்கிறோம்? இந்த வீதியின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க விரும்புகிறேன்.
*ஆசிரியை, உவர்மலை*

நல்ல கேள்வி டீச்சர். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு – கண்டி வீதியில் கொழும்பிலிருந்து சுமார் 60 கிலோமீற்றரில் அம்பேபுஸ்ஸ. அங்கே ஏ-6 பிரிகிறது. அலவ்வ, பொல்கஹவெல, குருநாகல், கலேவெல வழியாகத் தம்புள்ளைக்கு வந்து, ஹபரணைக் காட்டைக் கடந்து, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் என்று இறங்கி நம்மிடம் வருகிறது. மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். நமது 49ஆம் இலக்கக் கொழும்பு பஸ் ஓடுவது இதில்தான். கண்டியிலிருந்து வருகிறவர்கள் தம்புள்ளையில் வந்து இதே வீதியில் ஏறுவார்கள். எனவே தம்புள்ளைக்கு இப்பால் இரண்டும் ஒன்றுதான். இலக்கம் கொடுத்தவர்கள் கொழும்பைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் நம் ஊர் மக்களின் வாயில் அதற்கு முந்திய வரலாறு நிலைத்துவிட்டது.

அந்த வரலாறு கொட்டியாரக் குடாவில் தொடங்குகிறது. கண்டி அரசர்களுக்குக் கடலைத் தொடக் கிடைத்த வாசல்களில் கொட்டியாரமும் ஒன்று. இப்போதைய மூதூர்ப் பக்கம். 1660ஆம் ஆண்டு, பாய்மரம் முறிந்த ஒரு கப்பலைத் திருத்த அங்கே வந்து நின்ற ரொபட் நொக்ஸும் அவருடைய தந்தையும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். உள்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட நொக்ஸ் 1679இல்தான் மன்னார்ப் பக்கமாகத் தப்பினார். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் இடையில் அந்தக் காலத்திலேயே ஆட்களும் சுமைகளும் போய்வந்த வழிகள் இருந்தன என்பதற்கு அந்தக் கதையே போதும்.

1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். 1803 தொடக்கத்தில் கண்டியைப் பிடிக்க இரண்டு படைகள் புறப்பட்டன. ஒன்று கொழும்பிலிருந்து, மற்றது கேணல் பார்பட் தலைமையில் நம் திருகோணமலையிலிருந்து. இரண்டும் கண்டியில் சந்தித்தன. நகரம் கிடைத்தது, ஆனால் அதை வைத்திருக்க முடியவில்லை. காட்டுக் காய்ச்சலும் பட்டினியும் படையைத் தின்றன. பார்பட்டும் காய்ச்சலில் இறந்தார். ஜூனில் கண்டியில் எஞ்சியிருந்த படையும் அழிந்தது. அடுத்த ஆண்டு கப்டன் ஜோன்ஸ்டன் என்பவர் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு ஏறினார். சேர வேண்டிய மற்றப் படைகள் வரவில்லை. காட்டு வழியே சண்டை போட்டபடி அவர் பின்வாங்கி வந்து சேர்ந்த இடமும் திருகோணமலைதான். 1804 ஒக்டோபர் அது.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயருக்கு ஒரு பாடம் மனதில் இருந்தது. மலைநாட்டை வைத்திருக்க வேண்டுமானால் படையை விரைவாக நகர்த்த வீதி வேண்டும். கிழக்கில் அவர்களுடைய பெரிய துறைமுகம் இது. துறைமுகத்தையும் கண்டியையும் இணைக்கும் வீதி அவர்களுடைய தேவை. அதனால்தான் கட்டைக் கணக்குக் கண்டியில் தொடங்கியது. அவர்கள் வெறும் காட்டில் வீதி கீறவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர். கந்தளாயைப் பாருங்கள். முதலாம் விஜயபாகு காலத்துப் பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரை விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்கிறது. அங்கிருந்த சிவன் கோவிலுக்கு ஒரு பெண் பொன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆங்கிலேயன் வருவதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கோவிலும் குளமும் வயலுமாக வாழ்ந்த ஊர். ஹபரணையிலிருந்து வருகிறவர்கள் நித்திரை கொண்டபடியே கந்தளாயைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

கேள்வி: குளக்கட்டின் மேல் பாரமான லொறி போனால் கேடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதைய இளைஞர்கள் அதை நம்புவதில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*விவசாயி, முள்ளிப்பொத்தானை*

பெரியவர்கள் சொன்னதுதான் சரி. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. குளக்கட்டின் மேல் மிகப் பாரமான வாகனங்கள் ஓடியது அந்த உடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்று பதிவாகியிருக்கிறது.

மண் கட்டின் உயிர் அதன் இறுக்கத்தில் இருக்கிறது. பாரம் ஏறி இறங்கும்போது கட்டு அதிரும். நாள் போகப் போக உள்ளே மயிர்போல வெடிப்பு விழும். மதகு கட்டிய கல்லும் மண்ணும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் அது தொடங்கும். அதற்குள் தண்ணீர் கசியும், கசியும் தண்ணீர் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டின் அடிவாரத்தில் கசியும் தண்ணீர் கலங்கலாக வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் நீர்ப்பாசனக் காரியாலயத்துக்குச் சொல்ல வேண்டும். தெளிவாகக் கசிந்தாலும் சொல்லுங்கள், வந்து பார்க்கட்டும். குளக்கோட்டன் கட்டியது என்று நம் மரபு சொல்லும் குளம் அது. இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்று சிங்கள வரலாறு சொல்கிறது. கட்டியவர் எவராயினும் அந்தத் தண்ணீரில்தான் தம்பலகாம வயல் விளைகிறது. தூரம் குறையும் என்று குளக்கட்டை வீதியாக்க யார் கேட்டாலும் விடாதீர்கள்.

கேள்வி: திருகோணமலை – மட்டக்களப்பு கரையோர வீதியில் முன்பு பாலங்களே இல்லையாம். வாப்பா கதை கதையாகச் சொல்வார். அப்போது எப்படிப் போய்வந்தார்கள்? இவ்வளவு காலம் ஏன் பாலம் கட்டவில்லை?
*லொறிச் சாரதி, கிண்ணியா*

வாப்பா சொன்னது அத்தனையும் உண்மை தம்பி. எனக்கு மனம் நிறைந்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கரையோர வீதிக்கு இலக்கம் ஏ-15. நம் பக்கத்திலிருந்து போனால் முதலில் தம்பலகாமக் குடாவின் வாயில் கிண்ணியாத் துறை. அதைக் கடந்தால் உப்பாறு, பிறகு கங்கைத் துறை, பிறகு இறால்குழி. இன்னும் தெற்கே வெருகல். அதற்கப்பால் வாகரைப் பக்கத்தில் பனிச்சங்கேணி, காயாங்கேணி. இவற்றில் பலவற்றுக்குக் காரணம் மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி வரும் நாட்டின் மிக நீண்ட ஆறு கொட்டியாரக் குடாவில் வந்து விழும்போது கிளை கிளையாகப் பிரிகிறது. வெருகலாறு அதன் ஒரு கிளை. மலைநாட்டில் பெய்யும் மழையும் இங்கே வாடைக்காலத்தில் பெய்யும் மழையும் எல்லாம் இந்த வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும்.

பாலம் இல்லாத இடங்களில் பாதைதான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மிதவைகளுக்கு மேல் பலகைத் தட்டு, கரைக்குக் கரை கட்டிய கம்பிவடம். பஸ் வந்தால் ஆட்கள் எல்லோரும் இறங்க வேண்டும். பஸ் மெதுவாக ஏறும், பிறகு ஆட்கள் ஏறுவார்கள். அக்கரை போய் இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடினால் அடுத்த துறை. மழை வெள்ளம் என்றால் பாதை ஓடாது. துறையடித் தேநீர்க்கடைகளில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து தண்ணீராக ஓடும், முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிரசவ வலியோடு வந்த பெண்கள் துறையடியில் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறும். என் மனைவியின் ஊர் மூதூர். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டார் வீதியை நம்பவே இல்லை. குடாவைக் குறுக்கே கடந்து லோஞ்சில்தான் வந்தார்கள்.

பாதையை நம்ப முடியாத வாகனங்கள் மட்டக்களப்புக்குச் சுற்றிப் போயின. கண்டி வீதியால் ஹபரணை, அங்கிருந்து பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை. இருநூறு கிலோமீற்றருக்கு மேல். கரையோரமாகப் போனால் 150 கிலோமீற்றருக்குள் முடிகிற பயணம் அது. அந்தச் சுற்றுவழியிலும் மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேல் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே பாலம். ரயில் வந்தால் வாகனங்கள் நிற்க வேண்டும். 2007இல்தான் வீதிக்கென்று அங்கே தனிப்பாலம் வந்தது.

ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்கிறீர்கள். என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கண்டி வீதி துறைமுகத்தின் தேவைக்கு வந்தது. படைக்கும் கப்பலுக்கும் எண்ணெய்க்கும் வேண்டிய வீதி, அதனால் முதலில் வந்தது. கரையோர வீதியை வேண்டியவர்கள் மூதூரிலும் தோப்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் வாகரையிலும் இருந்த மீனவர்களும் விவசாயிகளும். அவர்களுக்காகச் செலவு செய்ய எந்த அரசாங்கமும் அவசரப்படவில்லை. அதன் பிறகு யுத்தம். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அடித்துப் போட்டது. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து மூண்ட சண்டையில் மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரை மக்கள் இதே வீதியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பாலம் இல்லாத ஆற்றங்கரையில் ஓடி வந்த மக்கள் எதிர்கொண்டதை எழுத எனக்குச் சொல் வரவில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20இல் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். திறந்தபோது நாட்டிலேயே மிக நீளமான பாலம் அதுதான். அதையடுத்த சில ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பாலம் வந்தது. இப்போது நீங்கள் கிண்ணியாவில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிறுத்தாமல் மட்டக்களப்புக்கு ஓட்டுகிறீர்கள். அந்த ஓட்டத்தில் உப்பாற்றுப் பாலத்தில் ஒருமுறை வாகனத்தை ஓரங்கட்டிவிட்டுக் கீழே பாருங்கள் தம்பி. பழைய துறையின் இறக்கம் எங்கே இருந்தது என்று வாப்பாவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை போய்விட்டால் சொல்ல ஆள் இருக்காது.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2021 நவம்பர் 23. உங்கள் ஊர்க் குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய படகுப் பாதை கவிழ்ந்தது. சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் உயிரிழந்தார்கள். நெடுஞ்சாலையில் 396 மீற்றர் பாலம் எழுந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், அதே ஊரின் உள்வீதியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் பாதையில் ஏற வேண்டியிருந்தது. பாலம் திருத்தும் காலத்தில் மாற்றுவழி பாதுகாப்பானதா என்று பார்ப்பது வீதி வேலையின் முதல் கடமை. எங்கள் காலத்தில் ஒரு சிறிய மதகை உடைத்துக் கட்டினாலும் முதலில் பக்கத்தில் மாற்றுவழி போட்டு, அதில் லொறியை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பழையதில் கை வைப்போம்.

கேள்வி: ஐயா, கண்டி வீதியில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் மோட்டார் சைக்கிளில் வரலாமா? மகன் கண்டியில் படிக்கிறான். லீவுக்கு அப்படித்தான் வருவேன் என்கிறான்.
*ஒரு தாய், ஆண்டாங்குளம்*

வேண்டாம் தங்கச்சி. அது யானைக் காடு. பொழுதுபட்ட பிறகும் விடியும் முன்பும் யானை வீதியைக் கடக்கும். கறுத்த தாருக்கு முன்னால் கறுத்த உடம்பு, மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் கிட்ட வரும்வரை தெரியாது. ஹபரணைச் சந்தியைப் பகல் மூன்று மணிக்கு முன் தாண்டும்படி புறப்படச் சொல்லுங்கள். பிந்தினால் பஸ்ஸில் வரட்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக வானில் கோணேஸ்வரம் வருகிறோம். தம்புள்ளைக்குப் போய் ஏ-6இல் ஏறுவதா?
*வாசகர், கொக்குவில்*

அவ்வளவு தூரம் சுற்றத் தேவையில்லை. ஏ-9இல் வவுனியாவரை வாருங்கள். அங்கே ஹொரவப்பொத்தானை வீதியில், அதாவது ஏ-29இல், திரும்புங்கள். ஹொரவப்பொத்தானையில் அது ஏ-12ஐச் சந்திக்கும். ஏ-12 என்பது மேற்குக்கரைப் புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மிகிந்தலை வழியாக நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நம் ஊருக்கு வரும் வீதி, ஏறக்குறைய 180 கிலோமீற்றர். அதில் கிழக்கே திரும்பினால் முதலிக்குளம், பன்குளம் தாண்டி நேரே நகரத்துக்குள் இறங்கலாம். இந்த வழியிலும் யானை உண்டு, பகலிலேயே வாருங்கள்.

நகரத்துக்கு வரும் முன் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கான திருப்பம் வரும். பக்கத்துப் பக்கத்தில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம்மவர்கள் இன்றும் அங்கே பிதிர்க்கடன் செய்கிறார்கள். பெரியகுளப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள பௌத்தப் பள்ளி. வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வானில் இருந்தால் அதையும் தவறவிடாதீர்கள். கன்னியாவில் குளிப்பதற்கு வாளி கொண்டுவர வேண்டும். கிணறுகள் சிறியவை, இறங்க முடியாது, அள்ளித்தான் வார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சூடு குறைந்த கிணற்றில் அள்ளி வாருங்கள்.